கூரை தந்த நட்பு

பிறந்த ஊரைவிட்டு வாழும் நாம், அந்நியனுக்கு இடம் கொடுப்பவரின் அருமையை அறிவோம். ஜோகானஸ்பர்க் நகரின் ஆர்ச்சர்ட்ஸ் பகுதியில், ஆப்பிரிக்கக் குடியானவர் மனையைப் பின்பற்றி, வட்டச் சுவரும் புல் வேய்ந்த கூரையுமாக ஓர் இல்லத்தை 1907இல் எழுப்பினார் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக். அதற்குக் 'கிரால்' என்று பெயர். 1908, 1909ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் அங்கே அவருடன் வாழ்ந்தார். நிறவேற்றுமை மிகுந்த அந்நகரில் ஓர் இந்தியருடன் ஒரே கூரையின்கீழ் வாழ்வது எளிய செயலன்று.

அந்நாளில்தான் தம்பி நாயுடு முதலிய தமிழர் பலர், பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை புகுந்தனர். அவர்தம் குடும்பங்கள் தங்கவென்று, 1910இல் 1,100 ஏக்கர் பண்ணையையே வாடகையின்றித் தந்தார் காலன்பாக். அதுவே டால்ஸ்டாய் பண்ணை.

2011இல் அப்பழைய இல்லம் 'சத்தியாக்கிரக இல்லம்' என்னும் விருந்தினர் விடுதியாகவும் காட்சியகமாகவும் திறக்கப்பட்டது. விடுதியில் தங்குவோர் கட்டணம் செலுத்துவர். அன்று அக்கூரையைத் தந்ததோ நட்பு. அந்நன்றியில் தமிழராகிய நமக்கும் பங்குண்டு.