நெல்லின் ஒளிக்காலத்துவம்

நெல்லின் ஒளிக்காலத்துவம் என்பது பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டு நெற்பயிர் தான் பூக்க வேண்டிய காலத்தை உணர்ந்துகொள்ளும் இயல்பு ஆகும். நெல் ஒரு குறும்பகல் தாவரம். அதாவது பகல் குறுகி இரவு நீளும்போது விரைந்து பூக்கும். பகல் நீண்டிருக்கும்போது பூப்பதைத் தள்ளிப்போடும். இவ்வியல்பு எல்லா நெல் வகைகளிலும் ஒரே அளவில் இல்லை. அதன் அளவை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. கண்மாய் நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் பெரிதும் நம்பியுள்ள புதுக்கோட்டை மாவட்டம் போன்ற பகுதிகளில், ஒரு வகையை எப்போது விதைக்கலாம் என்பது இவ்வியல்பைச் சார்ந்தே அமைகிறது.

வளர்ச்சிப் பருவங்கள்

நெற்பயிரின் வாழ்நாளை மூன்று பருவங்களாகப் பிரிப்பர். முளைத்துத் தூர் கட்டி வளர்வது முதற்பருவம். கதிர் உருவாகத் தொடங்கியது முதல் பூக்கும் வரை இரண்டாம் பருவம். பூத்தபின் பால் பிடித்து மணி முற்றுவது மூன்றாம் பருவம். வெப்பமண்டலத்தில் இரண்டாம் பருவம் ஏறத்தாழ 35 நாட்களும், மூன்றாம் பருவம் ஏறத்தாழ 30 நாட்களும் நீடிக்கும். இவை வகைக்கு வகை அதிகம் மாறுவதில்லை. எனவே 110 நாள் நெல்லுக்கும் 160 நாள் நெல்லுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் முதற்பருவத்திலேயே உள்ளது. அப்பருவத்தின் தொடக்கத்தில் இளம்பயிர் பகலின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. அதன் பின்னரே உணர்திறன் உடைய பகுதி வருகிறது.

புதுக்கோட்டையின் பகற்பொழுது

புதுக்கோட்டை ஏறத்தாழ 10.4 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. இங்கு சூன் 21 அளவில் பகல் சுமார் 12 மணி 43 நிமிடமும், திசம்பர் 21 அளவில் சுமார் 11 மணி 31 நிமிடமும் இருக்கும். சப்பானின் வடக்கிலுள்ள சப்போரோவில் இவ்வேறுபாடு ஆறு மணி நேரத்தைத் தாண்டும். அதனுடன் ஒப்பிட, புதுக்கோட்டையின் சுமார் 72 நிமிட வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நெல்லுக்கு அது போதுமானது. மலாக்காவில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் 14 நிமிடங்களே மாறுகிறது. அங்கு 'சயாம் 29' என்னும் வகை சனவரியில் விதைக்கப்பட்டபோது பூக்க 329 நாட்களும், செப்டம்பரில் விதைக்கப்பட்டபோது 161 நாட்களும் எடுத்துக்கொண்டதாக 1959 இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

மரபணுக்கள்

பயிர் ஒளியை உணர்வது இலையில். கதிர் உருவாவது தண்டின் நுனியில். இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஓர் இயக்குநீர் செல்ல வேண்டும் என உருசிய அறிவியலாளர் மிகைல் சைலாக்கியான் 1930களில் கருதி, அதற்குப் புளோரிசென் எனப் பெயரிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2007 இல், நெல்லில் அது எச்டி3ஏ என்னும் மரபணு உருவாக்கும் புரதமே என்று சப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

எச்டி3ஏ மரபணுவை இயக்குவது எச்டி1. இது சப்பானிய நெல்லான நிப்பொன்பாரேயையும் இந்திய நெல்லான காசலத்தையும் கலப்பினம் செய்து ஆராய்ந்ததில் அறியப்பட்டு, 2000 இல் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் நடத்தை விந்தையானது: குறும்பகலில் எச்டி3ஏ மரபணுவைத் தூண்டும், நெடும்பகலில் அதையே அடக்கும். எப்பணியைச் செய்வது என்பது பயிரின் உயிரியல் கடிகாரமும், ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் நிறமிகளும் தரும் குறிப்புகளைப் பொறுத்தது. எச்டி1 மரபணுவைச் சாராத மற்றொரு வழி ஈஎச்டி1 வழியாகச் செல்கிறது. அதனை நெடும்பகலில் தடுப்பது ஜிஎச்டி7. 2008 இல் சீன ஆய்வாளர்கள் விளக்கிய இம்மரபணு, பூப்பதைத் தாமதப்படுத்துவதுடன் பயிரின் உயரத்தையும் கதிரிலுள்ள மணிகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது.

நள்ளிரவில் பத்து நிமிடம் ஒளி பட்டாலும் எச்டி3ஏ அடங்கிவிடும். தெருவிளக்கருகே உள்ள பயிர் பிந்திக் கதிர்விடுவது இதனாலேயே.

விதைப்புக் காலம்

பயிரிடப்படும் வகைகள் பலவற்றில் எச்டி1 செயலிழந்துள்ளது. அத்தகைய வகைகள் பகலின் நீளத்தை அதிகம் பார்ப்பதில்லை. நாட்களை எண்ணிப் பூப்பவை எனலாம். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966 இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 உணர்திறனற்றதாதலால், நீர் இருந்தால் எப்பருவத்திலும் பயிரிட முடிந்தது. குறுவைப் பருவத்துக்குரிய வகைகளும் உணர்திறன் குறைந்தவையே. நெடும்பகலில் பூக்க இயலாத நெல் குறுவைக்கு ஆகாது.

உணர்திறன் மிக்க சம்பா வகையை ஒரு மாதம் தாமதித்து விதைத்தாலும், பூக்கும் நாள் அந்த அளவுக்குத் தள்ளிப்போவதில்லை. தூர் கட்டும் காலமே குறைகிறது. மிக முன்னதாக விதைத்தால் பயிர் ஓங்கி வளர்ந்து சாயும். பகல் நீண்டுகொண்டே செல்லும் மாசியில் விதைத்தாலோ வைக்கோல்தான் மிஞ்சும்.

உணர்திறனற்ற வகையின் சிக்கல் வேறு. மழை பிந்தி, அக்டோபர் இறுதியில் 135 நாள் வகையை விதைத்தால், அது பிப்ரவரி நடுவில் பூத்து மார்ச்சு நடுவில் அறுவடைக்கு வரும். மழை நின்று கண்மாய் வற்றும் காலம் அது. பூக்கும்போது நீரில்லாவிடில் மணி பிடிக்காமல் பதராகும். ஆடுதுறை 43, கோ 51 போன்ற 110 நாள் அளவிலான வகைகள் அதே நாளில் விதைக்கப்பட்டால் சனவரி மூன்றாம் வாரத்திலேயே பூத்துவிடும். ஆகவே பிந்திய ஆண்டுகளில் இவை பொருத்தமானவை. உணர்திறன் மிக்க வகையையே தாமதமாக நட நேர்ந்தால், குத்துக்கு நாற்றுகளைக் கூட்டி நெருக்கமாக நடுவர். குறைந்த தூர்களை அது ஓரளவு ஈடுசெய்யும்.