துப்பாக்கிக்கு முன்னால் நடப்பவர்

காஞ்சிபுரம் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர்... அப்புறம் காந்தி ரோடில் ஒரு பட்டுப்புடவை. அவ்வளவுதான், பஸ் ஏறிவிடுவார்கள்! அடுத்த முறை போகும்போது ஒரு மணி நேரம் மிச்சம் பிடியுங்கள். ஆட்டோக்காரரிடம் 'திருப்பருத்திக்குன்றம்' என்று சொல்லுங்கள். (பட்டுக்குப் பேர்போன ஊரின் ஓரத்தில், பெயரிலேயே பருத்தியை வைத்துக்கொண்டு ஒரு கிராமம்!) வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் இதற்கு இன்னொரு பெயர் ஜினகாஞ்சி. இங்கே சமணர்களின் திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். தலையைத் தூக்கிப் பாருங்கள், விதானம் முழுக்க ஓவியங்கள். தீர்த்தங்கரர்களின் கதைகள் வரிசை வரிசையாக ஓடும். கழுத்து வலிக்கும், ஆனால் கண்ணை எடுக்க முடியாது!

கருவறையில் இருப்பவர் வர்த்தமான மகாவீரர். 'எறும்பைக்கூட மிதிக்காதே' என்று சொன்ன மதத்தின் இருபத்துநான்காவது தீர்த்தங்கரர். அவர் ஒரு முற்பிறவியில் என்னவாக இருந்தார் தெரியுமா? வேட்டைக்காரர்!

நான் சொல்லவில்லை, திகம்பர சமணர்களின் புராணம் சொல்கிறது. புரூரவன் என்று ஒரு வேடர் தலைவன். மனைவி பெயர் காளிகை. இருவரும் காட்டுக்குள் போகிறார்கள். தூரத்தில் புதருக்குப் பின்னால் ஏதோ அசைகிறது. 'மான்!' என்று முடிவு கட்டி வில்லை வளைத்துவிட்டான் புரூரவன். கையைப் பிடித்துத் தடுக்கிறாள் காளிகை. "பொறு. அது மான் இல்லை. வனதேவதை மாதிரி தெரிகிறது." கிட்டே போய்ப் பார்த்தால், வழி தவறி வந்த சாகரசேனர் என்ற முனிவர். வேடன் அவர் காலில் விழுந்தான். மது, மாமிசம், தேன் மூன்றையும் விட்டான். அதற்கப்புறம் பல பிறவிகள் கடந்து மகாவீரராகப் பிறந்தான் என்று போகிறது கதை.

எல்லோரும் இந்தக் கதையில் புரூரவனைத்தான் பார்ப்பார்கள். எனக்கென்னவோ காளிகை மீதுதான் கண். வில் அவள் கையில் இல்லை. ஆனால் அங்கே ஒழுங்காகப் பார்த்தது அவள் ஒருத்திதான்! வேட்டையின் சரித்திரம் முழுக்க இப்படி ஒரு ஆள் பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கிறார். இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

இன்றைக்கும் தென்னாப்பிரிக்காவிலோ நமீபியாவிலோ காசு கட்டி வேட்டைக்குப் போகலாம், சட்டப்படியே. (கென்யாவில் முடியாது, 1977-லேயே தடை போட்டுவிட்டார்கள்.) 'சஃபாரி' என்பது சுவாஹிலி வார்த்தை. அரபியிலிருந்து வந்தது. அர்த்தம், வெறும் 'பயணம்'தான்! முதல் தடவை வேட்டைக்குப் போகிற ஆசாமியை எடுத்தவுடனே காட்டுக்குள் விடமாட்டார்கள். முகாமில் ஒரு அட்டையை நட்டு வைத்து, "சுடுங்க சார், பார்க்கலாம்" என்பார்கள். துப்பாக்கி நேராகச் சுடுகிறதா என்று சோதிப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் சோதனை துப்பாக்கிக்கு இல்லை, சாருக்கு!

மறுநாள் விடியற்காலை. முன்னால் நடப்பவர், தடம் பார்க்கிற உள்ளூர்க்காரர். மடங்கிய புல், ஈரம் காயாத சாணம், குளம்பு பதிந்த மண்... இதெல்லாம் அவருக்கு நியூஸ் பேப்பர் மாதிரி. அடுத்து, தொழில்முறை வழிகாட்டி. கையில் சின்னப் பை நிறைய சாம்பல் வைத்திருப்பார். அவ்வப்போது உதறிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால் மனித வாடை மிருகத்துக்குப் போய்விடும், கதை முடிந்தது. அவருக்குப் பின்னால்தான் நம்ம ஹீரோ! மிருகத்தைக் கண்டதும் வழிகாட்டி முக்காலி போன்ற குச்சிகளை விரித்து வைப்பார். ஹீரோ அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துக் குறி பார்ப்பார். அப்போது காதருகே ஒரு கிசுகிசுப்பு - "வேண்டாம்."

வயது வராத கிடாவாக இருக்கலாம். பின்னால் ஒரு பெட்டை மறைந்து நிற்கலாம், குண்டு துளைத்துக்கொண்டு போய் அதற்கும் படலாம். 'சுடு' என்று சொல்ல யாராலும் முடியும். அந்த 'வேண்டாம்'தான் வழிகாட்டி வாங்குகிற சம்பளம். குறி பிசகிக் காயத்தோடு ஒரு எருமை புதருக்குள் ஓடிவிட்டால், ரத்தத் தடம் பிடித்து உள்ளே போக வேண்டியதும் அவர்தான். காயம்பட்ட ஆப்பிரிக்கக் காட்டெருமை காத்திருந்து பாயும் என்பார்கள். வாடிக்கையாளர் தரவேண்டியது பணம் மட்டும். செத்தாலும் காசு, காயத்தோடு தப்பினாலும் காசு!

இந்த வியாபாரத்துக்கு உலக விளம்பரம் தந்தவர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட். 1909 மார்ச்சில் பதவி முடிந்தது. ஏப்ரலில் மொம்பாசாவில் வந்து இறங்கிவிட்டார். கூடவே மகன் கெர்மிட், 19 வயது, ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தவர். சுமை தூக்க இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள். படிக்க, பன்றித்தோல் அட்டை போட்ட ஒரு குட்டி லைப்ரரி வேறு! வழிகாட்டி, கன்னிங்ஹாம் என்ற அனுபவசாலி. ரூஸ்வெல்ட்டுக்குக் கண் பார்வை சரியில்லை. குத்துச்சண்டை விளையாட்டில் இடது கண்ணே கிட்டத்தட்டப் போய்விட்டது. அப்படியென்றால் மிருகத்தை முதலில் பார்த்தது யார்? பக்கத்தில் துப்பாக்கி சுமந்து நடந்த ஆப்பிரிக்கர்கள்தான். ரூஸ்வெல்ட் நேர்மையான மனுஷர். தன் புத்தகத்தில் அவர்கள் பெயர்களை எழுதித்தான் வைத்திருக்கிறார். ஆனால் கடைசிக் கணக்கு? அப்பா 296, மகன் 216, ஆக மொத்தம் 512 பெரிய மிருகங்கள். அந்தக் கணக்கில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

'அதெல்லாம் ஆப்பிரிக்கா' என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஆப்பிரிக்காவில் சஃபாரி பிரபலமாவதற்கு முன்பே வெள்ளைக்காரர்கள் கை பழகியது நம்ம பக்கத்துக் காடுகளில்தான். இலங்கையில் மேஜர் ரோஜர்ஸ் என்று ஒருவர், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845-ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். (ஊர்க்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்!) 1875 டிசம்பரில் விக்டோரியா ராணியின் மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆன இளவரசர், அதே இலங்கையில் யானை வேட்டை ஆடினார். காட்டைக் கலைத்து யானைகளை அவர் பக்கம் துரத்தியவர்கள் நூற்றுக்கணக்கான உள்ளூர் ஆட்கள். லண்டன் பத்திரிகைகளில் படம் வந்தது... இளவரசருக்கு மட்டும்! அப்புறம் தூத்துக்குடியில் இறங்கி, மதுரை, திருச்சி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தார்.

நீலகிரியிலும் அதே கதைதான். வரையாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'ஐபெக்ஸ்'. செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்கிற அந்த ஆட்டைத் தேடி மலையேற வேண்டும் என்றால் மலையை அறிந்த ஷிகாரிகள் வேண்டும். சுட்டுச் சுட்டு ஆடு குறைந்தபிறகு துரைகளுக்கே பயம் வந்துவிட்டது. 1877-ல் சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-ல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பாற்ற ஒரு சட்டமே வந்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். துரை சுட்டால் 'ஸ்போர்ட்'. அவருக்கு வழி காட்டியவர், மறுநாள் வீட்டுச் சட்டிக்காக ஒரு மானைப் பிடித்தால் 'திருட்டு வேட்டை'. (வரையாடு பிழைத்துக்கொண்டது. தமிழக அரசின் 2025 கணக்கெடுப்பில் 1,303.)

சுதந்திரத்துக்குப் பிறகு 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எழுபதுகளின் நடுவில் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை. வட தமிழகத்து இருளர்கள் திகைத்து நின்றார்கள். பாம்பு பிடிப்பது அவர்களுக்குப் பரம்பரை வித்தை, தோல் வியாபாரிகளுக்கு விற்றுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஒரே நாளில் வித்தை குற்றமாகிவிட்டது! பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து வழி தேடினார்கள். 1978-ல் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் கூட்டுறவு சங்கம் பிறந்தது. பாம்பைப் பிடி, விஷம் எடு, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் போடு, திரும்பக் காட்டில் விடு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் - நாலு வகையின் விஷத்திலிருந்தும் கடிக்கு மருந்து. கொல்லாத வேட்டை! ஜினகாஞ்சி இருக்கிற அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் 2019 வரைக்கும் வடநெம்மேலியும் இருந்தது. இப்போது செங்கல்பட்டு மாவட்டம்.

இனி காட்சி மாறுகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா. வீட்டில் வளர்த்துவிட்டுக் கைவிட்ட பர்மா மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக்காட்டில் பெருகி, மான், முயல் என்று ஒன்று விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தன. 2016-ல் போட்டி வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மாதம் தேடியும் கிடைத்தது 106 பாம்புகள். 2017 ஜனவரியில் இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள் - மாசி சடையன், வடிவேல் கோபால்.

உள்ளூர்க்காரர்கள் ரோட்டோரமாகக் காரில் போய்த் தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். உரித்த சட்டை, எச்சம், மண்ணில் புரண்ட தடம்... பழைய நியூஸ் பேப்பர், புது ஊர்! இரண்டே வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள். அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றில் பதுங்கியிருந்தது. அங்கே வழிகாட்டியும் இவர்களே, வேட்டைக்காரர்களும் இவர்களே. பத்திரிகைகளில் வந்த படமும் இவர்களுடையதுதான்.

2023 ஜனவரியில் பத்மஸ்ரீ பட்டியல் வெளியானது. வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பெயர்களும் இருந்தன. எந்தப் பிரிவில் தெரியுமா? சமூக சேவை... பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'விலங்குகள் நலன்'!