துல்லியத்துக்கு எவ்வளவு விலை தரலாம்?

துல்லியம் விலைக்குக் கிடைக்கும் பொருள். கடைசல் பட்டறை நடத்துபவர் முதல் வானியல் ஆய்வகம் நடத்துபவர் வரை பலரும் அதை வாங்குகிறார்கள். ஆனால், அரிசி, பருப்பைப்போல அதற்குச் சீரான விலை கிடையாது. பிழையை முதலில் பாதியாகக் குறைப்பதற்குச் சிறு தொகை போதும். எஞ்சியதை மீண்டும் பாதியாக்க, பெரும்பாலும் அதைப்போலப் பல மடங்கு செலவாகும். எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதே வாங்குபவரின் சிக்கல்.

இதை விளக்க, நம் நாட்டில் அதிகம் பேர் கண்டிராத ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ரைஃபிள் போட்டியாளர்கள் தங்கள் தோட்டாவில் குண்டைப் பொருத்தப் பயன்படுத்தும் 'டை' எனும் அச்சுதான் அது. அங்கு வாழும் என் முன்னாள் மாணவர் ஒருவர் நெடுந்தொலைவு இலக்குப் போட்டிகளில் பங்கேற்பவர். எந்த டையை வாங்கலாம் என்று அவருக்கு ஏற்பட்ட குழப்பத்தின் வழியாகவே இத்துறை எனக்கு அறிமுகமாயிற்று. நான் துப்பாக்கியைத் தொட்டவன் அல்லன். ஆயினும், அவர் எழுப்பிய கேள்வி நான் வகுப்பறையில் பல்லாண்டுகள் நடத்திய இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டைச் சார்ந்தது.

தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் எனும் எரியூட்டி, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு கூடு மட்டுமே எஞ்சும். அதை மீண்டும் உரிய அளவுக்குச் சுருக்கி, புதிய பிரைமரும் மருந்தும் இட்டு, குண்டைப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா கிடைக்கும். செலவு குறைகிறது என்பதோடு, தமது துப்பாக்கிக்கு ஏற்றவாறு ஒரே சீரான தோட்டாக்களைச் செய்துகொள்ளலாம் என்பதும் அமெரிக்காவில் இப்பழக்கம் பரவலாக இருப்பதற்குக் காரணம்.

இறுதிக் கட்டத்தில் வருவதுதான் குண்டு பொருத்தும் டை. அதன் பணிகள் இரண்டு. ஒன்று, குண்டை எல்லாத் தோட்டாக்களிலும் ஒரே ஆழத்தில் இறக்குவது. இரண்டாவது, அதைச் சாயாமல் நேராக இறக்குவது. ஆழம் மாறினால், குண்டுக்கும் குழலின் உட்புரி தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி மாறும். கூட்டுக்குள் மருந்துக்கான இடமும் மாறும். குண்டு சாய்ந்திருந்தால், அது குழலுக்குள் கோணலாக நுழையும்.

குண்டின் சாய்வும் சமநிலைக் குறையும் இலக்கை எப்படி விலக்குகின்றன என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் பிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர். குழலை அசையாத் தாங்கியில் பொருத்தி அவர் நடத்திய சோதனைகள் 1909-இல் நூலாக வெளிவந்தன. இன்றைய துல்லியப் போட்டியாளர்களின் அக்கறைகள் பலவற்றுக்கும் அந்நூலில் வேர் உண்டு.

இன்று சந்தையில் உள்ள டைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சாதாரணத் திருகு டை. அழுத்து இயந்திரத்தில் பொருத்துவதற்கு ஏற்ப, இதன் வெளிப்புறம் பெரும்பாலும் 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரிகளும் கொண்டிருக்கும். மேலே உள்ள தண்டைத் திருகி ஆழத்தை மாற்றலாம். லீ, 1943-இல் பிரெட் ஹண்டிங்டன் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். போன்ற நிறுவனங்கள் இவ்வகையைத் தயாரிக்கின்றன. விலை சில பத்து டாலர்கள்தான்.

இரண்டாவது, நகரும் உறை கொண்ட டை. கூட்டையும் குண்டையும் ஓர் உறை முதலில் ஒரே நேர்க்கோட்டில் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் அதன் பிறகே தொடங்கும். இதன் போட்டித் தர வடிவங்களில், ஆழத்தை ஆயிரத்தில் ஓர் அங்குலம், அதாவது 0.0254 மில்லிமீட்டர் அளவில் மாற்ற மைக்ரோமீட்டர் தலை இருக்கும். ரெட்டிங், ஃபார்ஸ்டர் ஆகிய நிறுவனங்களின் டைகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. விலை சாதாரண டையைப் போலப் பல மடங்கு.

மூன்றாவது, கைடை. இதற்குத் திருகுப் புரி கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தின் எல்.இ. வில்சன் நிறுவனத்துடையது நன்கறியப்பட்டது. மேசைமீது வைத்துச் சிறிய நெம்புகோல் அழுத்தியால் இயக்குவார்கள். குண்டு இறங்கும்போது கூட்டின் கழுத்து எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் கையாலேயே உணர முடிவது இதன் சிறப்பு. வேகம் குறைவு, அழுத்தியைத் தனியாக வாங்க வேண்டும்.

எவ்வகையை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது, குண்டைத் தள்ளும் தண்டின் உட்குழிவு. அது குண்டின் வளைந்த முகத்தில் அமர வேண்டும். நுனியைத் தொடக் கூடாது. குண்டுகளின் நுனி ஒன்றுக்கொன்று சற்று மாறுபடும் என்பதால், நுனியைத் தள்ளினால் ஆழமும் மாறும். நீண்டு மெலிந்த குண்டுகளுக்கு இதற்காகவே தனித் தண்டுகள் விற்கப்படுகின்றன. குண்டின்மீது வளையம்போலக் கீறல் விழுந்தால் தண்டு பொருந்தவில்லை என்று அறியலாம். ஆழத்தைச் சரிபார்க்கும்போதும், கூட்டின் அடியிலிருந்து வளைமுகத்தில் குறிப்பிட்ட விட்டம் வரையில்தான் அளக்க வேண்டும். நுனி வரை அல்ல. மருந்தை நசுக்கி அடைக்கும் வகைத் தோட்டாக்களுக்கு மைக்ரோமீட்டர் டையைப் பயன்படுத்தினால் அதன் தண்டு சேதமடையலாம்.

இனி பொருளாதாரத்துக்கு வருவோம். விலை உயர்ந்த டை சிறந்த கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால், இலக்கில் விழும் துளைகளின் சிதறலுக்கு டை ஒன்றே காரணமன்று. காற்று, சுடுபவரின் கை, குழலின் தரம், மருந்தின் எடை, கூடுகளின் வேறுபாடு எனப் பல காரணங்கள் உண்டு. ஒன்றையொன்று சாராத பிழைகள் நேரடியாகக் கூடுவதில்லை; அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. எடுத்துக்காட்டாக, மற்ற எல்லாக் காரணங்களாலும் வரும் சிதறல் 10 அலகு, டையால் வருவது 2 அலகு என்று கொள்வோம். வர்க்கங்களின் கூடுதல் 104. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10.2. டையின் பிழையை முற்றிலும் நீக்கினாலும் 10.2 என்பது 10 ஆகும், அவ்வளவே. அதே வேளையில், 10-ஐ 8 ஆகக் குறைக்க முடிந்தால், பழைய டையோடேயே மொத்தச் சிதறல் 8.25 ஆகிவிடும்.

'புதிய டை வாங்கிய பிறகு துளைகள் நெருங்கி விழுந்தன' என்று பலர் உறுதியாகச் சொல்வதாக மாணவர் குறிப்பிட்டார். இங்குதான் புள்ளியியல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஐந்து முறை சுட்டு, மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் இடைவெளியை அளப்பது வழக்கம். எதையும் மாற்றாமல் மீண்டும் மீண்டும் சுட்டாலும், இந்த அளவு தற்செயலாகவே சராசரியிலிருந்து சுமார் 27% திட்டவிலக்கம் கொண்டிருக்கும். ஆகவே, இரண்டு டைகளுக்கிடையே 10% வேறுபாடு உண்மையிலேயே இருந்தாலும், வழக்கமான 95% நம்பிக்கை அளவில், அதை 80% வாய்ப்புடன் கண்டறிய ஒவ்வொரு டைக்கும் ஏறத்தாழ 115 ஐந்து சுடல் தொகுதிகள் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 1,150 தோட்டாக்கள்! வேகம் மிகுந்த ரகங்களில் ஒரு குழலின் போட்டித் தர ஆயுள் 1,500 முதல் 3,000 தோட்டாக்கள் என்பது போட்டியாளர்களின் பொதுக் கணக்கு. சோதனை முடிவதற்குள் குழல் பெருமளவு தேய்ந்துவிடும். சிறு மாதிரிகளை நம்புவதன் ஆபத்தை, டப்ளின் நகர மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அப்படியானால் எப்படித்தான் முடிவெடுப்பது? விளைவை விட்டுவிட்டுக் காரணத்தை நேரடியாக அளப்பதே வழி. தோட்டாவை உருட்டி டயல் கேஜால் கோணலை அளக்கும் கருவி உண்டு. குண்டைப் பொருத்துவதற்கு முன்பு இருபது கூடுகளின் கழுத்தை அளக்க வேண்டும். பொருத்திய பின்பு அதே தோட்டாக்களின் குண்டை அளக்க வேண்டும். கழுத்தே கோணலாக இருந்தால் குற்றவாளி அளவு சுருக்கும் டை. குண்டு பொருத்தும் டையை மாற்றிப் பயனில்லை. கழுத்து நேராக இருந்து குண்டு மட்டும் கோணலாக அமைந்தால், நகரும் உறை கொண்ட டைக்கோ கைடைக்கோ செலவிடுவதில் நியாயம் உண்டு. இரண்டும் நேராக இருந்தால் இருப்பதே போதும். இதற்கு ஒரு தோட்டாவைக்கூடச் சுட வேண்டியதில்லை. மாணவருக்கு நான் சொன்ன யோசனையும் இதுவே: முதலில் அளவுகருவியை வாங்குங்கள், எந்த டை வேண்டும் என்பதை அது சொல்லும்.

மைக்ரோமீட்டர் தலையின் பயனையும் இவ்வாறே பிரித்துப் பார்க்கலாம். பல வகைக் குண்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவருக்கும், ஆழத்தைப் படிப்படியாக மாற்றிச் சோதிப்பவருக்கும் அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆண்டு முழுவதும் ஒரே குண்டு, ஒரே ஆழம் என்பவருக்குச் சாதாரண டையை ஒருமுறை சரிசெய்து பூட்டு வளையத்தை இறுக்கினால் போதும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். குண்டை அளவுக்கு மீறி ஆழமாக இறக்கினாலும், உட்புரியில் முட்டும்படி வைத்தாலும் அழுத்தம் உயரும். எனவே, உற்பத்தியாளர்களின் கையேட்டை மீறுவது உயிருக்கே ஆபத்து. மேலும், இது அமெரிக்கச் சூழலில் நிகழும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு தடை செய்கிறது.

துப்பாக்கியோடு தொடர்பில்லாத நமக்கும் இதில் பாடம் உண்டு. இயக்குவதற்குப் பயிற்சி பெற்றவர் இல்லாத மருத்துவமனைக்கு விலை உயர்ந்த பரிசோதனைக் கருவி வாங்குவதும், மின்சாரம் நிலையாக வராத பள்ளிக்குக் கணினித் திரை வாங்குவதும் 2 அலகுப் பிழையைத் திருத்த 10 அலகுப் பிழையை மறப்பதற்கு ஒப்பானவையே. குடும்பச் செலவிலும் பொதுச் செலவிலும், வாங்குவதற்கு முன்பு எங்கே பெரும் பிழை இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வழக்கம் வர வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் சிறிதே.