ஐந்து நொடிக்குள் ஒரு கணினி: தொடக்க நேரத்தின் வரலாறு

நினைவகத்தில் ஆணைகள் இருந்தால்தான் செயலி இயங்கும்; அந்த ஆணைகளை நினைவகத்தில் ஏற்றுவதற்கோ வேறு சில ஆணைகள் முன்பே அங்கிருக்க வேண்டும். கணினியைத் தொடங்குவதில் உள்ள காத்திருப்பு முழுவதும் இந்த முடிச்சிலிருந்தே பிறக்கிறது. 1975இல் வெளிவந்த ஆல்டேர் 8800 கணினியில், முன்பலகைச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி முதல் ஆணைகளைப் பைட்டு பைட்டாக மனிதரே உள்ளிட்ட பின்னர்தான் காகித நாடாவிலிருந்து பேசிக் மொழி ஏறத் தொடங்கியது. 1982இல் வந்த கொமடோர் 64, அதே மொழியை மின்சாரம் நின்றாலும் அழியாத ‘ரோம்’ என்னும் நினைவகத்தில் பதித்து வைத்திருந்ததால் சில நொடிகளில் ஆயத்தமானது. பின்னர் வந்த, பன்மடங்கு ஆற்றல் மிக்க கணினிகள் அதைவிட நீண்ட நேரம் காக்க வைத்தன என்பதால், கணினிகள் ஆண்டுக்கு ஆண்டு விரைவடைந்தன என்னும் பொதுக் கருத்து தொடக்க நேரத்துக்குப் பொருந்துவதில்லை.

1981இன் ஐபிஎம் பிசியில், வன்பொருளைச் சோதித்து இயங்குதளத்தை அழைக்கும் ‘பயாஸ்’ என்னும் நிரல் ஒவ்வொரு முறையும் நினைவகம் முழுவதையும் எழுதிப் படித்துச் சரிபார்த்ததால், நினைவகம் பெருகப் பெருகக் காத்திருப்பும் நீண்டது. நிரல் எழுதுவோர் ஒரே நாளில் பலமுறை கணினியை மீளத் தொடங்க வேண்டியிருந்ததைக் கண்ட பொறியாளர் டேவிட் பிராட்லி, கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அச்சோதனையைத் தவிர்த்துவிட்டுக் கணினி மீளத் தொடங்குமாறு செய்தார். தொடக்க நேரத்தைக் குறைக்கும் வழி, வேலையை விரைந்து முடிப்பதைவிடத் தேவையற்ற வேலையை விட்டுவிடுவதில்தான் பெரிதும் இருக்கிறது என்பதற்கு இது தெளிவான முன்னோடி.

வன்தட்டு பரவிய பின் தடை இடம் மாறியது. சுழலும் தட்டின் மேல் படிப்புமுனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர ஏறத்தாழ 10 மில்லிநொடி பிடிப்பதால், சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திரட்டுவதிலேயே நேரம் கரைந்தது. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, தொடக்கத்தின்போது எவை படிக்கப்படுகின்றன என்பதைக் குறித்துவைத்து, அடுத்த முறை அவற்றை ஒழுங்குபடுத்தி முன்கூட்டியே படித்தது.

இருப்பினும், இவ்வரலாற்றின் உண்மையான திருப்புமுனை 2008 செப்டம்பரில் போர்ட்லாந்தில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் நிகழ்ந்தது. இன்டெல் பொறியாளர்களான ஆர்யன் வான் டி வென், ஔகே கோக் ஆகிய இருவரும், அசூஸ் ஈ பிசி என்னும் மலிவான மடிக்கணினியை ஐந்தே நொடிகளில் தொடங்கிக் காட்டினர். வழக்கமான ஃபெடோரா லினக்ஸ் அதே கணினியில் எடுத்துக்கொண்டது 45 நொடி. ‘முன்னைவிட விரைவாக’ என்று நெகிழ்வாகக் கூறாமல், ஐந்து நொடி என்னும் வரம்பை முதலில் விதித்து, இயங்குதளத்தின் மையமாகிய கெர்னலுக்கு ஒன்று, தொடக்கநிலைப் பணிகளுக்கு ஒன்று, திரை அமைப்புக்கு ஒன்று, மேசைத்தளத்துக்கு இரண்டு என அதைப் பகிர்ந்தளித்ததே அவர்களது முறையின் சிறப்பு. பங்குக்குள் அடங்காதது வெளியேற வேண்டியதாயிற்று. அஞ்சல் வழங்கி நடத்தாதவருடைய கணினியிலும் ‘சென்ட்மெயில்’ என்னும் அஞ்சல் நிரல் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நொடிகளை விழுங்குவதை அவர்கள் சுட்டிக்காட்டினர். யாரோ சிலருடைய தேவைக்காக எல்லோரும் காத்திருந்த அந்த ஏற்பாட்டைக் கேள்விக்குட்படுத்தியது, நொடிக்கணக்கைவிடப் பெரிய தொண்டு.

ஒன்றன்பின் ஒன்றாகச் சேவைகளைத் தொடங்கும் பழைய யூனிக்ஸ் வழக்கம், ஆப்பிளின் லாஞ்ச்டி (2005) வழியே முன்னரே தளரத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து கருத்துகளை எடுத்துக்கொண்டு 2010இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் உருவாக்கிய சிஸ்டம்டி, பல சேவைகளை ஒரே வேளையில் தொடங்கியதோடு, சிலவற்றை யாரேனும் நாடும்வரை தொடங்காமலே நிறுத்திவைத்தது. சுழலும் பகுதியே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகங்கள் பரவியபோது படிப்புமுனையின் தாமதமும் மறைந்தது.

2012இன் விண்டோஸ் 8 வேறு வழியை நாடி, கணினியை அணைக்கும்போது கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே மீட்டெடுத்தது. கண்டிப்பாகப் பார்த்தால் இது தொடக்கமன்று, விட்ட இடத்திலிருந்து தொடர்தலே. இதன் விளைவாக, கோளாறு கண்ட கணினியை அணைத்துப் போடுவதால் கெர்னல் புதிதாகத் தொடங்குவதில்லை. அதற்கு ‘ரீஸ்டார்ட்’ கட்டளையையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.