பந்தியில் சோதிக்கப்பட்ட கீழ்ப்படிதல்



பாடுகளின் நடுவே தேவனை நம்பிக் கீழ்ப்படிதல் என்றதும் நம் மனம் தானியேலின் சிங்கக்கெபிக்கும், மூன்று வாலிபரின் அக்கினிச்சூளைக்கும் ஓடுகிறது. ராஜா கட்டளையிடுகிறான், விசுவாசி மறுக்கிறான், தேவன் விடுவிக்கிறார். இவை நம்மைத் திடப்படுத்தும் வரலாறுகள்தாம். ஆனால் நம்மில் எவரும் சிங்கக்கெபியைக் கண்டதில்லை. நம்முடைய கீழ்ப்படிதல் சோதிக்கப்படும் இடங்கள் வேறு. சாப்பாட்டுப் பந்தி, கல்யாணப் பேச்சு, கல்லறைத் தோட்டம் ஆகியவையே அவை. அங்கே நமக்கு எதிரே நிற்பவர்கள் பகைவர் அல்லர்; நம்முடைய சொந்த ஜனங்கள். ஆகையால்தான் அந்தச் சோதனை கடினமாயிருக்கிறது.

இந்த வாரம் நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று சோழநாட்டில் நடந்தது. மற்றொன்று நம் மதுரையிலேயே நடந்தது.

முதலாவது இராஜநாயக்கனின் வரலாறு. 1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார் என்பதும், அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கேயே தமிழில் அச்சேறியது என்பதும் நீங்கள் அறிந்தவை. அந்த அச்சுப் புத்தகம் சென்றடைந்த மனிதருள் ஒருவர் தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த இராஜநாயக்கன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், தமிழில் வேதத்தை வாசித்து, தரங்கம்பாடிச் சபையோடு இணைந்தார். பின்பு படைச் சேவகத்தை விட்டுத் தஞ்சைப் பகுதியில் உபதேசியார் ஆனார். ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் அறிவித்தார். அவருடைய ஊழியத்தினால் அநேகர் சபையில் சேர்க்கப்பட்டனர்.

1733-ஆம் ஆண்டு வேளாளர் மரபினரான ஆரோன், தமிழரில் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குரு யார் என்ற கேள்வி எழுந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் ஆலோசிக்கப்பட்டது. அவருடைய வேத அறிவையோ, நடக்கையையோ, ஊழிய வாஞ்சையையோ எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவருடைய கையிலிருந்து மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தைப் பெற்றுக்கொள்ள மாட்டார்களே என்று மிஷனெரிகள் தயங்கினர். 1741-ஆம் ஆண்டு தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே தொடர்ந்தார். 1771-ஆம் ஆண்டு மரிக்கும்வரை அவர் தம் ஊழியத்தைக் கைவிடவில்லை.

முப்பது ஆண்டுகள்! அந்தக் காலத்தின் நீளத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாம் ஆதாயப்படுத்திய ஆத்துமாக்களுக்குத் தம் கையால் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க அவருக்கு அனுமதியில்லை. அந்தத் தடையை விதித்தது அந்நிய அரசன் அல்ல. கர்த்தருடைய பந்தியில் அவருக்கு அருகே அமர வேண்டியவர்களின் மனமே அதை விதித்தது. மிஷனெரிகளின் தயக்கம் அந்த மனத்துக்கு இடங்கொடுத்தது. அப்படியிருந்தும் அவர் சபையை விட்டுப் போகவில்லை. சுவிசேஷத்தை அறிவிப்பதை நிறுத்தவில்லை. தம்மை அழைத்தவர் மனிதர் அல்லர், தேவனே என்று நம்பியவரால் மட்டுமே இது கூடும்.

இரண்டாவது நிகழ்ச்சி ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் சாதி, சபைக்குள் உறுதியாக வேரூன்றிவிட்டது. தஞ்சைச் சபையில் சாதிக்கு ஒரு பக்கமாக அமர்ந்தார்கள். திருவிருந்தின் பாத்திரத்திலும் முந்தினவர், பிந்தினவர் என்ற வரிசை இருந்தது. 1833-ஆம் ஆண்டு கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் தாமதமின்றி, முற்றிலுமாகக் கைவிட வேண்டும் என்று சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவாகத் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சபைகள் பிளவுபட்டன. ஆலயத்தை விட்டே விலகினவர்கள் பலர்.

அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1834-ல், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்த அமெரிக்க மிஷனெரிகள் மதுரைக்கு வந்து அமெரிக்கன் மதுரா மிஷனைத் தொடங்கினர். 1842-ல் திருமங்கலத்தில் ஆரம்பித்து, 1845-ல் பசுமலைக்கு மாறிய செமினரி அந்த மிஷனுடையது. இன்று திருப்பரங்குன்றம் சாலையில் செல்லும் ஒவ்வொருவரும் அந்த மலையடிவாரத்தைக் கடந்தே செல்கிறோம்.

1847-ஆம் ஆண்டு இந்த மிஷன் ஒரு தீர்மானத்துக்கு வந்தது. மிஷனில் ஊழியம் செய்யும் உபதேசியார்களும் ஆசிரியர்களும் சாதியை மனதார விட்டுவிட வேண்டும். வாயினால் சொன்னால் போதாது. அதற்கு அடையாளமாக மற்றச் சாதியாரோடு ஒன்றாக உண்ண வேண்டும் என்பதே அது. பலர் மறுத்தனர். மறுத்தவர்கள் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டனர். புதிதாய் முளைத்துவந்த மதுரைச் சபைக்கு அது பேரிழப்பாயிருந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1850-ல், சென்னை மிஷனெரி மாநாடு சாதிக்கு எதிராக ஓர் அறிக்கை வெளியிட்டபோது பெரும்பாலான மிஷன்கள் அதன் பக்கம் நின்றன. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சாதியைச் சமூக வழக்கம் என்று கருதிப் பொறுத்துக்கொள்ளும் வழியைப் பின்பற்றியது.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை எதிர்ப்பா என்று இளையோர் வியக்கக்கூடும். அது வெறும் சாப்பாடு அன்று. அந்தப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு அவனுடைய ஊரில் பெண் கொடுப்பவர் இல்லை; அவன் வீட்டில் பெண் எடுப்பவர் இல்லை. அவன் தாய் இறந்தால் பாடையைத் தூக்கத் தோள் கொடுப்பவர் இல்லை. வயது வந்த மகளை வைத்திருக்கும் தகப்பனுக்கு அந்த இலையின் முன் உட்காருவது எவ்வளவு பாரமாயிருந்திருக்கும் என்பதை நாம் உணர வேண்டும். மறுத்தவர்களை எளிதாய் நியாயந்தீர்க்க நமக்கு உரிமையில்லை. கட்டளையிட்டவர்களையும் நாம் கேள்வி கேட்கலாம். சம்பளம் கொடுக்கும் கை விதிக்கும் நிபந்தனைக்கு இணங்குவது முழுமையான கீழ்ப்படிதலாகுமா? மற்றவரின் பந்தியைச் சோதித்தவர்கள் தங்கள் பங்களாவின் உணவு மேசையையும் அதே அளவுக்குத் திறந்தார்களா? இந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆயினும், கேட்டவர் குறையுள்ளவர் என்பதனால் கேட்கப்பட்ட காரியம் தவறாகிவிடாது. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் ஒரே சரீரம் என்பது மிஷனின் தீர்மானம் அன்று; அது வேதத்தின் போதனை.

அப்போஸ்தலனாகிய பேதுருவும் இதே இடத்தில்தான் இடறினார். ஆலோசனைச் சங்கத்தின் முன் அவர் அஞ்சவில்லை. அடிக்கப்பட்டபோதும் சந்தோஷமாய்ப் புறப்பட்டுப் போனார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். கொர்நேலியுவின் வீட்டுக்குள் செல்லும்படி தேவனே அவருக்குத் தரிசனத்தில் கற்பித்திருந்தார். ஆனால் அந்தியோகியாவில் தம் சொந்த ஜனத்தார் சிலர் வந்தவுடன், புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகினார். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். அதிகாரிகளின் சவுக்குக்கு அஞ்சாதவர் உறவினரின் பார்வைக்கு அஞ்சினார். பவுல் அதைச் சாப்பாட்டு விஷயம் என்று தள்ளிவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி அவர்கள் நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய்க் கண்டித்தார்.

பிரியமானவர்களே, இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு காரியம் தெளிவாகிறது. நம்பிக்கையையும் கீழ்ப்படிதலையும் நாம் அடிக்கடி தவறான ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறோம். பாடு அனுபவிக்கிறவனிடம், பொறுமையாயிரு, அடங்கியிரு, கீழ்ப்படி என்கிறோம். சுகமாய் அமர்ந்திருப்பவனிடமோ, கர்த்தரை நம்பு, அவர் உன்னை ஆசீர்வதிப்பார் என்கிறோம். இராஜநாயக்கனின் காலத்தில் தேவனுடைய கட்டளை யாருடைய வாசலில் காத்திருந்தது? அவர் ஏற்கெனவே கீழ்ப்படிந்துகொண்டிருந்தார். கீழ்ப்படிய வேண்டியவர்கள், அவருடைய கையிலிருந்து அப்பத்தை வாங்க மறுத்தவர்கள். அவர்களைக் கண்டித்துத் திருத்தும் பொறுப்பிலிருந்தும் தயங்கினவர்கள். அவர்கள் கீழ்ப்படியாததனால் உண்டான பாரத்தை அவர் முப்பது ஆண்டுகள் தனியாகச் சுமந்தார்.

ஆகையால் இராஜநாயக்கனின் பொறுமையை ஒடுக்கப்பட்டவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டி, நீங்களும் அப்படியே பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய விசுவாசம் கனத்துக்குரியது. அந்த விசுவாசத்தை அவரிடம் இவ்வளவு கொடிய விலைக்குக் கேட்ட சபையோ மனந்திரும்புதலுக்குரியது. மறுபுறம், 1847-ல் பந்தியில் அமர்ந்தவர்களுக்கு நம்பிக்கை என்பது என்ன? என் மகளின் கல்யாணத்தை யார் நடத்துவார், என் தாயின் சவத்தை யார் தூக்குவார் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமலே, தேவன் எனக்கு வேறொரு குடும்பத்தைத் தருவார் என்று துணிந்து கையை இலையில் வைப்பது. தேவனை நம்பாமல் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய முடியாது. கீழ்ப்படியாமல், நம்புகிறேன் என்று சொல்வதிலும் பொருளில்லை.

மதுரை இந்தப் பாடத்தை அத்துடன் முடித்துவிடவில்லை. அமெரிக்கன் மிஷனின் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. 1847-ன் அந்தப் பந்திக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, வெவ்வேறு மிஷன்களின் பிள்ளைகள் ஒரே திருவிருந்தில் பங்குபெற்றார்கள். 1969-ல் அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவானது. அங்கே கற்பித்த தெயோப்பிலஸ் அப்பாவு, 'பறட்டை அண்ணன்' என்று அன்போடு அழைக்கப்பட்டவர், ஒரே உலை என்பதைத் தம் இறையியலின் மையமாக வைத்தார். அவரவர் உலை தனித்தனியே கொதிக்கும்வரை ஏழைக்கும் செல்வனுக்கும், தாழ்த்தப்பட்டவனுக்கும் உயர்த்திக்கொண்டவனுக்கும் இடையிலான சுவர் விழாது. ஒரே உலையில் பொங்கி, ஒன்றாய் உண்ணும்போதே திருவிருந்தின் பொருள் விளங்கும் என்பதே அவருடைய போதனையின் சாரம். 2005-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இன்று நம் ஆலயங்களில் அசனம் நடக்கிறது. பெரிய பாத்திரங்களில் சோறு வடித்து, வரிசையாக இலை போட்டு, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று கேளாமல் உண்கிறோம். 1847-ல் எவ்வளவோ பேர் வேலையை இழந்தாவது தவிர்க்க விரும்பிய காரியத்தை, நாம் பண்டிகையாகச் செய்கிறோம். இதற்காக தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அசனத்தின் மறுநாள் என்ன நடக்கிறது? மகனுக்குப் பெண் பார்க்கும்போது, இரட்சிக்கப்பட்ட குடும்பமா என்று கேட்பதற்கு முன் வேறு என்ன கேட்கிறோம்? கிறிஸ்தவ மணமகள் தேவை என்ற விளம்பரத்தில், கிறிஸ்தவ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல்லைச் சேர்க்கிறோம்? சபைக் கமிட்டித் தேர்தலில் வாக்கு எந்த வழியாகச் செல்கிறது? உயிர்த்தெழுதலை எதிர்நோக்கி அடக்கம்பண்ணும் கல்லறைத் தோட்டத்திலும் இடம் பிரித்துக் கொடுக்கும் ஊர்கள் நம் தமிழ்நாட்டில் இன்னும் இல்லையா?

பந்தியில் ஜெயித்தோம், கல்யாணப் பேச்சில் இன்னும் அந்தியோகியாவின் பேதுருவாகவே நிற்கிறோம்.

உங்களில் சிலர் இராஜநாயக்கனின் இடத்தில் இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். தகுதியிருந்தும் ஒதுக்கப்பட்டீர்கள், காரணம் சொல்லப்படாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு நான் சொல்வது இதுவே: உங்களை அழைத்தவர் உங்களை மறக்கவில்லை, சபையின் கணக்கு அவருடைய கணக்கு அன்று. நீங்கள் வாய் திறந்து நியாயம் கேட்பது அவிசுவாசமும் அன்று, பவுலும் கேட்டார். வேறு சிலர் இலையின் முன் உட்காரத் தயங்கியவர்களின் இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பயம் மெய்யானது. சொந்தங்களின் கோபமும் மெய்யானது. ஆனால் அந்தப் பயத்துக்கு அப்பால் கர்த்தர் பந்தியை ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார். இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு சம்பந்தம், ஒரு விருந்து, ஒரு வாக்கு குறித்த பேச்சு வந்தால், அதுவே உங்கள் சிங்கக்கெபி என்று அறிந்துகொள்ளுங்கள். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தையும் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தையும் குடும்பமாக வாசித்து, அதன் பின் முடிவெடுங்கள்.

ஜெபிப்போம். பரலோகப் பிதாவே, உம்முடைய பந்தியில் எங்கள் எல்லாருக்கும் இடம் கொடுத்தீர். ஒதுக்கப்பட்டவர்களுடைய விசுவாசத்தைக் காத்தருளும். ஒதுக்கியவர்களுக்கு மனந்திரும்பும் இருதயத்தைத் தாரும். எங்கள் சொந்தங்களுக்கு அஞ்சுவதைக் காட்டிலும் உமக்கு அஞ்சி நடக்க எங்களுக்குப் பெலன் தாரும். ஒரே அப்பமாகிய எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.