மூலநிறம் என ஒன்று உண்டா? எண்டர்பிரைஸ் கலத்தின் சாம்பல் நிறம்

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான் மற்றும் விண்வெளி அருங்காட்சியகத்தில், உண்மையாகவே பறந்த கலங்களுக்கு நடுவே, ஒருநாளும் பறக்காத கலம் ஒன்றும் வைக்கப்பட்டுள்ளது. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ஸ்டார் டிரெக் தொடருக்காகப் படம்பிடிக்கப்பட்ட எண்டர்பிரைஸ் மாதிரி அது. மாட் ஜெஃப்ரீஸின் வடிவமைப்பைப் பின்பற்றி 1964இல் கலிபோர்னியாவில் மரம், உலோகத் தகடு, பிளாஸ்டிக் ஆகியவற்றால் உருவாக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 11 அடி, எடை ஏறத்தாழ 200 பவுண்டு. 1974இல் பாரமவுண்ட் நிறுவனம் அதை அருங்காட்சியகத்துக்கு அளித்தது. அதன்பின் அதைச் செப்பனிட்ட ஒவ்வொருவரும் ஒரே கேள்வியை எதிர்கொள்ள நேர்ந்தது: இக்கலத்தின் நிறம் என்ன?

'சாம்பல்' என்னும் விடை போதாது. வெள்ளையும் கறுப்பும் மட்டும் கலந்த சாம்பல் பெரும்பாலும் நீலச்சாயல் காட்டும். அதில் சிறிது மஞ்சட்காவி சேர்ந்தால் வெம்மை ஏறும். தனித்தனியே பார்க்கும்போது இரண்டையும் கண் ஒன்றாகவே கொள்ளும். அருகருகே வைத்தால்தான் வேறுபாடு புலப்படும். மொழி ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை வண்ணக் கலவை பிரித்துக் காட்டுகிறது.

திரைச்சான்றும் முழுமையாக உதவாது. மாதிரியை நீலத்திரையின் முன் நிறுத்திப் படம்பிடித்தனர். திரையின் நீல ஒளி அதன் மேற்பரப்பிலும் படிந்தது. பின்னர் விண்மீன் பின்னணியோடு இணைப்பதற்காகப் படச்சுருள் பலமுறை படியெடுக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் நிறம் சற்றே திரிந்தது. அதனால் ஒரே கலம் ஒரு காட்சியில் வெண்மையாகவும், மற்றொன்றில் நீலம் படர்ந்ததாகவும், வேறொன்றில் மங்கிய சாம்பலாகவும் தோன்றியது. சுவடிகளைப் படியெடுத்தபோது பாடபேதங்கள் பெருகியதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

1974, 1984, 1991 ஆகிய ஆண்டுகளில் மாதிரி செப்பனிடப்பட்டது. இவற்றுள் 1991ஆம் ஆண்டுப் பணியே பெரிதும் விவாதிக்கப்பட்டது. தொடர்க்காலத்தில் தட்டுப் பகுதியின் மேற்புறத்தில் இருந்தவை பென்சிலால் வரைந்த மெல்லிய கோடுகளும், காற்றுத்தூரிகையால் இட்ட மங்கலான அழுக்குத் தடங்களுமே. 1991இல் கலத்தின் பிற பகுதிகளில் கோடுகள் அழுத்தம் பெற்றன; சாயல் வேறுபாடுகளும் மிகுந்தன. இதற்கு இடையில், 1979இல் வெளிவந்த ஸ்டார் டிரெக் திரைப்படத்தின் புதிய மாதிரி, பார்க்கும் கோணத்துக்கேற்ப மின்னும் முத்துச்சாயல் வண்ணங்களால் பலகை பலகையாகத் தீட்டப்பட்டிருந்தது. சாயல் மாறாத பரப்பு பொம்மையைப்போலத் தோன்றும், மாறுபடும் பரப்பே பேருருவை உணர்த்தும் என்னும் திரைப்பட இரசனை அக்காலத்தில் வேரூன்றிவிட்டது. அந்த இரசனையின் வழியே 1960களின் கலத்தை வாசித்ததன் விளைவாகவே 1991ஆம் ஆண்டுப் பூச்சைக் கொள்ளலாம். பதிப்பாசிரியர் இதனை இடைச்செருகல் என்பார்.

நல்வாய்ப்பாக, தட்டின் மேற்புறம் மட்டும் அப்போது தீண்டப்படாமல் விடப்பட்டது. தொடர்க்காலப் பூச்சு அங்கே எஞ்சியிருந்தது. 2014இல் காட்சியிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரியை வல்லுநர்கள் ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தனர். பூச்சுகளை அடுக்கடுக்காகத் தேய்த்து அவற்றின் வரிசையை வெளிக்கொணர்ந்தனர். 1976க்கு முன் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைத் தந்துதவுமாறு 2015இல் பொதுமக்களிடமும் வேண்டினர். மேற்புறத்தின் பழைய பூச்சு காக்கப்பட்டது. பிற பகுதிகளுக்கான சாம்பல் சான்றுகளோடு ஒப்பிட்டுக் கலக்கப்பட்டது. 2016 கோடையில் கலம் மீண்டும் காட்சிக்கு வந்தது.

இப்பணியில் கருதத்தக்கது, அருங்காட்சியகம் 'மூலநிறம்' என்று பொதுப்படக் கூறாமல், 1967 ஆகஸ்டில் கலம் இருந்த நிலை என்று காலத்தை வரையறுத்ததாகும். 1964க்கும் 1967க்கும் இடையிலேயே விளக்குகளும் பிற மாற்றங்களும் சேர்ந்து மாதிரி பலமுறை உருமாறியிருந்தது. ஆசிரியரே திருத்தித் திருத்தி எழுதிய நூலுக்கு ஒற்றை மூலபாடம் இல்லாததுபோல, இக்கலத்துக்கும் ஒற்றை மூலநிறம் இல்லை. காலம் குறிக்கப்பட்ட நிறங்களே உண்டு. எந்த நிலையை மீட்கிறோம் என்று அறிவிக்கும் பணியைப் பிறர் சரிபார்க்க முடியும், மறுக்கவும் முடியும். 'மூலம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தும் பணி அந்த வாய்ப்பைத் தருவதில்லை. இன்று காட்சியில் இல்லாத 1991ஆம் ஆண்டுப் பூச்சும், ஒரு தலைமுறை இக்கலத்தை எவ்வாறு கண்டது என்பதற்கான சான்றாக ஆவணங்களில் நிலைபெற வேண்டியதே.