பேரன் பெயரில் ஒரு 'ஹெச்'

சென்ற ஆண்டு எங்களுக்குப் பேரன் பிறந்தான். மாட்டுப்பெண்ணின் பிறந்தகம் கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை. பிரசவமும் அங்கேயே. பதினோராம் நாள் புண்யாஹவாசனத்திற்கு நானும் அகத்துக்காரியும் போனோம். தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பன்வழித் தாத்தா பெயர் என்பது நம் வழக்கமாயிற்றே, ஆகவே பெயரில் விவாதமே இல்லை. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி என் பெயரையே எழுதினான் என் பிள்ளை. குழந்தையின் காதிலும் சொன்னான். எனக்குக் கண் கலங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விவாதம் மறுநாள் பிறப்புப் பதிவுப் படிவத்தோடு வந்தது. என் பெயரில் ஒரு 'த' உண்டு. அதை ஆங்கிலத்தில் டி என்று மட்டும் எழுதுவதா, டி-க்குப் பின் ஹெச் சேர்ப்பதா? ஹெச் வேண்டும் என்பது என் கட்சி. டில்லியில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்த மாட்டுப்பெண், "அங்கேயெல்லாம் ஹெச்சைப் பார்த்தா வேற எழுத்தா வாசிக்கறா, அப்பா" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று மாலை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன்.

1950களில் நான் சிறுவனாக ஓடியாடிய ஊர் அது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தபின் வளர்ந்து, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்று, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை தோண்டி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கங்கள் அங்கே உள்ளன. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் கிளைப்பாதையில் ஊர்காம் என்று ஒரு ஸ்டேஷன். பலகையில் அதன் ஆங்கில எழுத்துகள் ஓ, ஓ, ஆர், ஜி, ஏ, யு, எம். அதே ஊரின் பெயரால் லண்டன்காரர்கள் நடத்திய சுரங்கக் கம்பெனியோ ஓ, ஓ, ஆர், இ, ஜி, யு, எம் என்று எழுதிக்கொண்டது. ஒரே ஊர், ஒரே ஒலி, இரண்டு எழுத்துக்கூட்டல்! அடுத்த சுரங்கம் இதைவிட வேடிக்கை. நந்தி துர்க்கத்தின் பெயரை என், யு, என், டி, ஒய், டி, ஆர், ஓ, ஓ, ஜி என்று எழுதினார்கள். 'அ' ஒலிக்கு யு, 'உ' ஒலிக்கு இரண்டு ஓ. ஆங்கிலேயன் தன் காதில் விழுந்ததைத் தன் பள்ளிக்கூட எழுத்தில் எழுதிய காலத்து மிச்சம் அது.

இந்தக் குழப்பத்தை ஒழுங்கு செய்யத்தான் வில்லியம் வில்சன் ஹண்டர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஒரு முறையை வகுத்தார். 'அ' என்றால் ஏ, 'உ' என்றால் யு என்று ஒவ்வொரு இந்திய எழுத்துக்கும் ஒரு ரோமன் எழுத்து. 1870களில் அரசாங்கம் அதை ஏற்றது. கம்பெனிப் பெயர்களில் மட்டும் பழையதே தங்கிவிட்டது. ஹண்டர் முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. 'த'வுக்கும் டி, 'ட'வுக்கும் டி. வேறுபடுத்த அடியில் புள்ளி வைக்கலாம். ஆனால் எந்த டைப்ரைட்டரில் புள்ளி இருந்தது? வடக்கே அதைப் பொருட்படுத்தவில்லை. தெற்கே நாம், லதா லடாவாகிவிடக் கூடாதே என்று 'த'வுக்கு ஹெச்சைச் சேர்த்தோம். வடக்கத்தியார் அதே ஹெச்சை, 'கதா' என்று சம்ஸ்கிருதத்தில் அழுத்திச் சொல்கிறோமே, அந்த இரண்டாவது 'த'வாக வாசிக்கிறார்கள். தமிழில் நான்கு ஒலிக்கும் ஒரே 'த' என்பதால் நமக்கு இந்த நுட்பம் எழுத்தில் தெரிவதில்லை. கன்னடத்திலோ நான்கும் தனித்தனி எழுத்து.

பெயர் எப்படியெல்லாம் பயணம் போகிறது என்பதற்கு நாமெல்லாரும் அறிந்த ஒரு குடும்பமே சாட்சி. சர் சி.வி. ராமனின் இனிஷியலில் உள்ள 'சி' அவருடைய தகப்பனார் சந்திரசேகர ஐயர். வெங்கடராமன் என்ற பெயர் இரண்டாகப் பிரிந்து, உலகத்துக்கு 'ராமன்' மட்டும் போய்ச் சேர்ந்தது. ராமனின் தமையனார் சுப்ரஹ்மண்ய ஐயருக்கு 1910இல் லாகூரில் பிறந்த தலைச்சன் பிள்ளைக்கு, வழக்கப்படி தாத்தா பெயர்: சந்திரசேகர். ஆக, 1930இல் நோபல் பரிசு வாங்கியவரிடம் ஓர் எழுத்தாக ஒட்டிக்கொண்டிருந்த அதே பெரியவரின் பெயர், 1983இல் பரிசு வாங்கியவரிடம் முழுதாக நின்றது. 1999இல் 'சந்திரா' என்று சுருங்கி விண்வெளிக்கே ஒரு தொலைநோக்கியாகப் போயிற்று. பௌதிகம் படித்தவன் என்பதால் இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

என் பெயரின் பயணம் அவ்வளவு சிலாக்கியமில்லை. பள்ளிச் சான்றிதழில் ஹெச் உண்டு. பணிப் பதிவேட்டில் யாரோ ஒரு குமாஸ்தா விட்டுவிட்டார். முப்பத்துச் சொச்சம் ஆண்டு யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ஓய்வு பெறும்போது இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதி அலைந்ததில் ஏழு மாதம் போயிற்று.

அங்கத்தினர்கள் பலருக்கும் பேரன் பேத்திகள் பிறக்கும் காலம் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். பிறகு 12 மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே அவசரம் வேண்டாம். ஆனால் பிழையாக எழுதிவிட்டால், 15ஆவது பிரிவின்படி திருத்தத்தை ஓரத்தில்தான் எழுதுவார்கள். முதல் பதிவை அழிக்க மாட்டார்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எங்கள் காலத்தைப் போல எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று இருக்க முடியாது.

நடுவில் ஓர் உறவினர், பெயர் எண் சரியில்லை, இன்னொரு 'ஏ' சேர்த்தால் யோகம் என்றார். எழுத்தைக் கூட்டினால் யோகம் என்றால், இரண்டு விதமாக எழுதிய ஊர்காமில் எந்த எழுத்துக்குத் தங்கம் கிடைத்தது என்று கேட்டேன். அவர் காபியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

கடைசியில் வழக்கை முடித்தவள் மாட்டுப்பெண்தான். கர்நாடகச் சான்றிதழில் கன்னடமும் ஆங்கிலமும் இருக்கும் என்பதால் கன்னடத்தை முதலில் எழுதினாள். நான்கில் முதல் 'த'. உச்சரிப்பு அங்கே சந்தேகமின்றி நின்றுவிட்டது. பிறகு என் பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். அதில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் இருப்பது என் பெயர், ஹெச்சோடு. "அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் ரெண்டு விதமா இருந்தா நாளைக்கு அவன்தானே அலையணும்?" என்று சொல்லி ஹெச்சை எழுதினாள். நான் சம்பிரதாயம், ஹண்டர் என்று தயார் செய்து வைத்திருந்த வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

சான்றிதழ் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாகப் படித்தேன். சரியாக இருந்தது. அகத்துக்காரிக்கு ஆம்படையான் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. அவள் பேரனை 'அம்பி' என்றுதான் கூப்பிடுகிறாள்.